இதய அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கண்களைக் கவனிப்பது எப்படி?

பைபாஸ் அறுவை சிகிச்சையோ வால்வு மாற்று அறுவை சிகிச்சையோ முடிந்து வார்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் நெஞ்சு வலியைப் பற்றி விசாரிப்பார்கள். காலில் ரத்தக்குழாய் எடுத்த காயம் ஆறுகிறதா என்று கேட்பார்கள். பசி எடுக்கிறதா, தூக்கம் வருகிறதா என்றும் கேட்பார்கள். இரண்டு கண்களும் முன்போலவே தெரிகின்றனவா என்று கேட்பவர் அநேகமாக இருக்கமாட்டார். பார்வை மங்கலாக இருக்கிறது என்று நோயாளியே சொன்னாலும், ‘மயக்க மருந்தின் வேலை, இரண்டு நாளில் சரியாகிவிடும்’ என்ற பதில்தான் கிடைக்கும். பெரும்பாலும் அந்தப் பதில் சரியானதே. எப்போதாவது அது தவறாகிவிட்டால் போவது திரும்ப வராத பார்வை என்பதால், எந்த மங்கல் தானே விலகும், எந்த மங்கலுக்கு நள்ளிரவானாலும் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

இதயத்தில் கத்தி வைத்தால் கண் ஏன் பாதிக்கப்படுகிறது?

கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் கரோட்டிட் தமனி மண்டையோட்டுக்குள் நுழைந்த பிறகு அதிலிருந்து பிரியும் முதல் முக்கியக் கிளையே கண்ணுக்குரிய தமனியாகும். ஆகவே இதயத்திலோ பெருந்தமனியிலோ பெயர்ந்து ரத்தத்தோடு கிளம்பும் எந்தத் துணுக்கும் மூளைக்குப் போகிற வழியில் கண்ணுக்குள் திரும்பிவிடக்கூடும். அறுவை சிகிச்சையின்போது பெருந்தமனியைக் கவ்வியால் இறுக்கிப் பிடிப்பார்கள். அதன் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்திருந்தால் அந்தப் படிவு உதிரலாம். பழுதான வால்வை வெட்டி எடுக்கும்போதும் இதே அபாயம் உண்டு. விழித்திரையின் மையத் தமனி மிக மெல்லியது என்பதால் ஒரு சிறு துணுக்கே அதை அடைத்துவிடும்.

1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், அறுவை சிகிச்சையின்போது இதயம், நுரையீரல் ஆகிய இரண்டின் வேலையையும் உடலுக்கு வெளியே செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தை முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். அதிலிருந்து இன்றுவரை அந்த இயந்திரம் எவ்வளவோ மேம்பட்டுவிட்டது என்றாலும், ரத்தம் உடலுக்கு வெளியே குழாய்களின் வழியாகச் சுற்றிவரும்போது நுண்ணிய குமிழிகளும் கட்டிகளும் உருவாகும் வாய்ப்பு முற்றிலும் நீங்கிவிடவில்லை. 1980களில் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையின் ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே ஒளிரும் சாயத்தைச் செலுத்தி விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்தபோது, நுண்குழாய்கள் ஆங்காங்கே அடைபட்டிருப்பதைக் கண்டார்கள். ரத்தத்தினுள் ஆக்சிஜனைக் குமிழிகளாகச் செலுத்தும் பழைய கருவிகளில் இது அதிகமாகவும், மெல்லிய சவ்வின் வழியாகச் செலுத்தும் கருவிகளில் குறைவாகவும் இருந்தது. இப்போது எங்கும் பயன்படுவது சவ்வு வகைக் கருவிகளே.

அடைப்பு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. இயந்திரத்தை நிரப்பப் பயன்படும் திரவத்தால் ரத்தம் நீர்த்துப்போகிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது, ரத்த அழுத்தமும் சிறிது நேரம் தாழ்ந்திருக்கலாம், உடல் முழுவதும் நீர் கோத்துக்கொள்கிறது. பார்வை நரம்பு கண்ணிலிருந்து வெளியேறும் வாசல் பிறவியிலேயே குறுகலாக அமைந்தவர்களுக்கு இவையெல்லாம் ஒன்றுசேர்ந்து, நரம்பின் முனைக்குப் போகும் ரத்தத்தைப் போதாமல் செய்துவிடக்கூடும். மூன்றாவதாக, கண்களில் எந்தக் கோளாறும் இல்லாமல், மூளையின் பின்புறத்தில் உள்ள பார்வைப் பகுதியில் பக்கவாதம் ஏற்பட்டு, இரு கண்களிலும் ஒரே பக்கத்துப் பாதி மறைந்துபோவதும் உண்டு.

இதைப் படித்து அஞ்சி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பெரும் தவறாகும். அமெரிக்க மருத்துவமனைகளின் 1996 முதல் 2005 வரையிலான உள்நோயாளிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 10,000 பேரில் எட்டு அல்லது ஒன்பது பேருக்குத்தான் பார்வை இழப்பு பதிவாகியிருந்தது. அடைபட்ட இதயத்தை அப்படியே விட்டுவைப்பதன் ஆபத்து இதைவிடப் பல மடங்கு பெரியது.

அறுவை சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டியவை

தேதி குறிக்கப்பட்ட அறுவை சிகிச்சையாக இருந்து, இதய மருத்துவர் சில நாட்கள் அவகாசம் தந்திருந்தால், ஒரு முறை கண் மருத்துவரிடம் சென்று, கண்பாப்பாவை (கருவிழியின் நடுவில் ஒளி நுழையும் துளையை) விரியச் செய்யும் சொட்டு மருந்து இட்டு விழித்திரையை முழுமையாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீரிழிவு நோயாளிகள் இதைத் தவிர்க்கவே கூடாது. நம்மிடையே பைபாஸ் செய்துகொள்பவர்களில் கணிசமானோர் நீண்டகால நீரிழிவு நோயாளிகள். அவர்களில் பலர் விழித்திரையை ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. விழித்திரையில் ரத்தக்கசிவோ புதிய ரத்தக்குழாய்களோ முன்பே இருப்பது தெரிந்தால், லேசர் முதலான சிகிச்சையை எப்போது செய்வது என்று இரு மருத்துவர்களும் கலந்து பேசி முடிவெடுக்கலாம். கண் மருத்துவமனையில் நுழைந்தவுடனேயே இதய நோயாளி என்று சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பாப்பாவை விரிக்கும் மருந்துகளில் ஒன்றான பினைல்எஃப்ரின், குறிப்பாக 10 சதவீத அடர்த்தியில், ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அவர்கள் அதைத் தவிர்த்து வேறு மருந்தைப் பயன்படுத்துவார்கள்.

இதற்கு முன் எப்போதாவது ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் சில நிமிடங்கள் இருண்டு மீண்டும் தெளிந்திருந்தால், அது சிறு விஷயமாகத் தோன்றினாலும் அறுவை சிகிச்சை நிபுணரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கரோட்டிட் தமனியில் அடைப்பு இருப்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போடுபவர்கள் அதை ஒரு மருந்தாகவே கணக்கில் கொள்வதில்லை. ‘என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்கும்போது விழுங்கும் மாத்திரைகளை மட்டும் ஒப்பிப்பார்கள். இது சற்று ஆபத்தான மறதி. டைமோலால் என்ற சொட்டு மருந்து கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குறைக்கும். அதே வகையைச் சேர்ந்த மெட்டோபுரோலால் மாத்திரையும் உடன் கொடுக்கப்பட்டால் துடிப்பு அளவுக்கு மீறி மந்தமாகலாம். கண் அழுத்தத்துக்காகவே கொடுக்கப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையோ ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். அதற்காகத் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவதும் சரியல்ல; மருத்துவமனை வாசத்தில் பல நாட்கள் மருந்து விட்டுப்போனால் கண் அழுத்தம் ஏறிவிடும். குப்பிகளை ஒரு பையில் போட்டு, எந்தக் கண்ணுக்கு எத்தனை வேளை என்று தாளில் எழுதி, ஐசியு செவிலியரிடம் கொடுத்துவிடுவதே பாதுகாப்பான வழி. கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகலாக இருப்பதாக எப்போதாவது சொல்லப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சளிக்காக முகமூடி வழியே கொடுக்கும் புகை மருந்துகளில் ஒன்றான இப்ராட்ரோபியம் கண்ணில் பட்டால், அத்தகையவர்களுக்குக் கண் அழுத்தம் திடீரென எகிறலாம்.

காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். கண்ணாடியின் உறைமேல் பெயரெழுதி ஒரு உறவினர் வைத்திருந்து, நோயாளி விழித்தெழுந்ததும் கொடுத்துவிட வேண்டும். கண்ணாடி இல்லாமல் ஐசியுவில் விழிப்பவருக்கு முகங்கள் தெரியாமல் குழப்பம் கூடுவதோடு, பார்வை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று சோதிக்கவும் வழியில்லாமல் போகும்.

மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் வீட்டில் செய்யக்கூடிய ஒரு எளிய சோதனை உண்டு. நாள்தோறும் கிழிக்கும் காலண்டரின் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரிய எண்ணாகத் தேதியும், அடுத்த அளவில் கிழமையும், சிறிய எழுத்தில் நல்ல நேரமும் ராகு காலமும், அதைவிடச் சிறிதாக ராசி பலனும் அச்சிடப்பட்டிருக்கும். கண்ணாடி அணிந்தபடி, வழக்கமாகப் படிக்கும் தூரத்தில் தாளைப் பிடித்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் எதுவரை படிக்க முடிகிறது என்று பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிச் செய்து, இரண்டையும் அந்தத் தாளின் பின்புறத்திலேயே குறித்து, கண்ணாடி உறைக்குள் மடித்து வையுங்கள். ராசி பலன் பலிக்கிறதோ இல்லையோ, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் நிச்சயம் உதவும்.

மயக்கத்தில் இருக்கும்போது

விழித்திருக்கும்போது நாம் நிமிடத்துக்குப் பல முறை இமைக்கிறோம். தூங்கும்போது கண்விழி மேல்நோக்கிச் சுழன்று இமைக்குள் பத்திரமாகிறது. மயக்க மருந்து இந்த இரண்டு காவலையும் நீக்கிவிடுகிறது, கண்ணீரையும் குறைக்கிறது. இமை சிறிது திறந்திருந்தால்கூடக் கருவிழி உலர்ந்து சிராய்ப்புப் புண்ணாகலாம். அறுவை அரங்கில் இமைகளின்மேல் ஒட்டுப்பட்டை போட்டு மூடுவது இதற்காகத்தான். வென்டிலேட்டரில் இரண்டு மூன்று நாட்கள் இருக்க நேர்ந்தவர்களுக்கு வெண்விழியின் மேற்சவ்வு நீர் கோத்துப் புடைத்து, இமைகள் மூட முடியாமல் போவதுண்டு. பார்வையாளர் நேரத்தில் உள்ளே செல்லும் உறவினர், இமைகள் முழுவதும் மூடியிருக்கின்றனவா என்று கவனித்து, இல்லையென்றால் செவிலியரிடம் பணிவாகச் சொல்லலாம். அவர்கள் களிம்பு தடவி மூடுவார்கள். வீட்டிலிருந்து விளக்கெண்ணெய், பன்னீர், தாய்ப்பால், தேன் போன்ற எதையும் கொண்டுபோய்க் கண்ணில் விட வேண்டாம். தொற்றை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும் அந்த நாட்களில் அவை கிருமிக்கு வழி திறந்துவிடும்.

கண் விழித்ததும் சோதிப்பது எப்படி?

செயற்கை சுவாசக் குழாயை எடுத்து, நோயாளி தெளிவாகப் பேசத் தொடங்கியதும் முதல் சோதனையைச் செய்யலாம். இரண்டு கண்களையும் திறந்துவைத்து ‘தெரிகிறதா?’ என்று கேட்பதால் பயன் ஏதுமில்லை. ஒரு கண் முழுவதும் இருண்டிருந்தாலும் மற்றக் கண்ணின் உதவியால் ‘தெரிகிறது’ என்ற பதிலே வரும். ஒரு கண்ணில் பார்வை போனதைப் பல நாட்கள் கழித்து, தற்செயலாக மற்றக் கண்ணைக் கசக்கும்போது அறிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். எனவே கண்ணாடியை அணிவித்து, ஒவ்வொரு கண்ணாக மூடி, குறித்துவைத்த காலண்டர் தாளையே படிக்கச் சொல்லுங்கள்.

அதன்பின் பார்வைப் பரப்பைச் சோதியுங்கள். நோயாளிக்கு எதிரே ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில் அமர்ந்து, அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கையே பார்த்திருக்க, நீங்கள் மேல் வலம், மேல் இடம், கீழ் வலம், கீழ் இடம் என நான்கு மூலைகளிலும் ஒன்றோ இரண்டோ விரல்களைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். ஒரு கண்ணில் மட்டும் மேல் பாதியோ கீழ் பாதியோ மறைந்திருந்தால் பார்வை நரம்புக்கு ரத்தம் குறைந்திருக்கலாம். இரு கண்களிலும் இடப்பக்கமோ வலப்பக்கமோ மறைந்திருந்தால் மூளையைச் சந்தேகிக்க வேண்டும். இப்படிப்பட்டவர் வரியின் ஒரு பாதியை விட்டுவிட்டுப் படிப்பார், ஒரே பக்கத்து நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார், தட்டின் ஒரு பக்கத்திலுள்ள சோற்றைத் தொடாமலே எழுந்துவிடுவார். அரிதாக, பார்வை முழுவதையும் இழந்தவர் தமக்கு எல்லாம் தெரிவதாகவே உறுதியாகச் சொல்வதும் உண்டு. மூளையின் பார்வைப் பகுதி இருபுறமும் பாதிக்கப்பட்டால் இப்படி நேரலாம்.

இந்தச் சோதனையை ஒரே நாளோடு நிறுத்திவிட வேண்டாம். பார்வை நரம்புப் பாதிப்பு, விழித்த உடனே தெரியாமல் சில நாட்கள் கழித்தும் தோன்றலாம். மேலும், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 20 முதல் 40 பேருக்கு, பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போகிறது. அப்போது இதய அறையில் ரத்தம் தேங்கிக் கட்டி உருவாகக்கூடும். வீட்டுக்கு வந்த பிறகும் முதல் இரண்டு வாரங்கள் தினமும் காலையில் ஒரு நிமிடம் ஒதுக்குவது போதும்.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய நிலைகள்

ஒரு கண்ணிலோ இரு கண்களிலோ வலியே இல்லாமல் பார்வை திடீரென இருண்டால், திரை இறங்கியதுபோல் ஒரு பகுதி மறைந்தால், புதிதாக எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் அது அவசரநிலையாகும். சில நிமிடங்களில் பார்வை திரும்பிவிட்டாலும் அது அவசரநிலைதான். அடுத்து வரப்போகும் பக்கவாதத்துக்கான முன்னறிவிப்பாக அது இருக்கலாம். கடும் தலைவலியோடு இமை தொங்கிப் பார்வையும் குறைந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு. அரிதென்றாலும் பைபாஸுக்குப் பிறகு நேர்ந்திருக்கிறது. கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தியும் வந்தால் கண் அழுத்தத்தை அளக்க வேண்டும். செயற்கை வால்வு பொருத்தியவருக்குக் காய்ச்சலோடு பார்வை மங்கினால் வால்வில் தொற்று ஏற்பட்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

விழித்திரைத் தமனி முழுவதும் அடைபட்டால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் குரங்குகளில் சோதித்திருக்கிறார்கள்: சுமார் ஒன்றரை மணி நேரம் கடந்ததும் சேதம் தொடங்கி, நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய முழுமையடைகிறது. எனவே விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றோ, கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டுப் போகலாம் என்றோ காத்திருக்க நேரமில்லை. வீட்டில் இருந்தால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் ஆம்புலன்சை அழைத்து, மூளை ஸ்கேன் வசதியும் நரம்பியல் மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தனியான சிறு கண் மருத்துவமனையில் இந்த வசதிகள் இருக்காது. பார்வை கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைச் சொல்ல வேண்டியிருக்கும், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். பெரிய அறுவை சிகிச்சை முடிந்த புதிதில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் போட முடியாது. பார்வை நரம்புப் பாதிப்புக்கும் இழந்ததை மீட்டுத் தரும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. ஆயினும் ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் சரிசெய்வதும், கட்டி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அடுத்த தாக்குதலைத் தடுப்பதும், மற்றக் கண்ணைக் காப்பதும் நேரத்தோடு போனால்தான் இயலும்.

அஞ்ச வேண்டாதவை

முதல் சில வாரங்களில் எழுத்துகள் சற்றுக் கலங்கலாகத் தெரிவது, படித்தால் கண் சீக்கிரம் களைப்பது, மணல் விழுந்ததுபோல் உறுத்துவது ஆகியவை பலருக்கும் வரும். கண்ணின் உலர்வு, ரத்தசோகை, தூக்கக் குறைவு, ஏறி இறங்கும் ரத்தச் சர்க்கரை என்று இதற்குக் காரணங்கள் பல. சர்க்கரை அளவு மாறும்போது கண்ணின் லென்ஸ் நீரை ஏற்றும் இறக்கியும் பவரையே மாற்றிவிடுவதால், இரண்டு மூன்று மாதங்களுக்குப் புதுக் கண்ணாடி வாங்காமல் இருப்பது பணத்துக்கும் நல்லது. வெண்விழியில் திட்டாக ரத்தம் பரவியிருப்பது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், வலியும் பார்வைக் குறைவும் இல்லையென்றால் இரண்டு வாரங்களில் தானே மறையும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்து இமை சற்றுத் தாழ்ந்து அந்தக் கண்ணின் பாப்பா சிறுத்திருந்தால், மார்பெலும்பை விரித்தபோதோ கழுத்தில் ஊசி செலுத்தியபோதோ நரம்பு அழுந்தியிருக்கலாம். பல நேரங்களில் அது தானே சரியாகிவிடும் என்றாலும், கழுத்துத் தமனியில் பாதிப்பு இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும்.

மாத்திரைகளும் பார்வையும்

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரைகளில் சில கண்ணில் தம் அடையாளத்தைக் காட்டும். டிகாக்சின் சாப்பிடுபவருக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்து, பசியின்மையும் குமட்டலும் சேர்ந்தால், மருந்து உடலில் அளவுக்கு மீறித் தேங்கியிருக்கிறது என்று கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஐவாபிராடின் இதற்கு நேர்மாறானது: இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது மின்னல்போல் ஒளிப்பொட்டுகள் தோன்றும்; அது விழித்திரையைப் பழுதாக்குவதில்லை, பெரும்பாலும் நாளடைவில் குறைந்துவிடும், இரவில் வண்டி ஓட்டும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அமியோடரோனைப் பல மாதங்கள் சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய எல்லோருடைய கருவிழியிலும் சுழல் வடிவப் படிவுகள் உண்டாகின்றன. விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது தவிர இதனால் பெரும்பாலும் தொல்லை இருப்பதில்லை, மருந்தை நிறுத்தினால் மறைந்துவிடும். ஆனால் மிகச் சிலருக்கு அதே மருந்து பார்வை நரம்பையே பாதிக்கும் என்பதால், நீண்டகாலம் சாப்பிடுபவர்கள் இடையிடையே கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இவற்றில் எதையும் நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

டைமோலால் சொட்டு மருந்தைத் தொடர்ந்து போட வேண்டியிருந்தால், ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் உள்மூலையை விரலால் இரண்டு நிமிடங்கள் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து மூக்குக்குள் இறங்கி இதயத்தை எட்டுவது இதனால் பெருமளவு குறையும்.

கண்புரை அறுவை சிகிச்சை பாக்கி இருந்தால்

கண்புரை அவசரமானதல்ல; மார்பெலும்பு சேர்ந்து, மூச்சு வாங்காமல் மல்லாந்து படுக்க முடிகிற நிலை வரும்வரை காத்திருக்கலாம். நாள் குறிக்கும் முன் இதய மருத்துவரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். கண்புரைக்காக ஆஸ்பிரினையோ வார்ஃபரினையோ நிறுத்தும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சொட்டு மருந்தால் மட்டுமே மரத்துப்போகச் செய்து செய்யும் இக்கால முறையில் பொதுவாக அதற்குத் தேவையில்லை. உலோக வால்வு பொருத்தியவர் வார்ஃபரினை நிறுத்தினால் வால்விலேயே ரத்தம் உறைந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்கச் செய்யப்போவதாகச் சொன்னால், அந்த வாரத்து ஐஎன்ஆர் முடிவைக் கையில் எடுத்துச் சென்று, மருந்துப் பட்டியலோடு சேர்த்து மயக்க மருத்துவரிடம் நேரில் கொடுங்கள்.